இரண்டரை ஆம்பியர்

"பேட்டரி போயிடுச்சுக்கா" என்று யாராவது வந்து நின்றால், ஒயரக்கா கையிலிருக்கிற வேலையை நிறுத்தாமலே கேட்பார்: "யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன். காலையில ஸ்டார்ட் ஆகல."

"ஸ்டார்ட் ஆகலங்கிறது நீ பார்த்தது. பேட்டரி போச்சுங்கிறது நீயா நினைச்சது. பார்த்ததை மட்டும் சொல்லு."

சிலர் சிரிப்பார்கள். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். வண்டி ஒயரிங் பார்க்கும் அந்தக் கடையின் மறுபாதியில் ஸ்டூல் போட்டு வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிற அக்காவின் வீட்டுக்காரர், பிரஷ்ஷை எடுக்காமல் சொல்வார்: "கோச்சுக்காதீங்க தம்பி. நான் பசிக்குதுன்னு சொன்னாகூட எத்தனை வோல்ட்டுன்னுதான் கேப்பா."

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கடை வைப்பதற்கு முன் பதினோரு வருஷம் கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்யும் தொழிற்சாலையில் நின்றார். நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே உட்கார நாற்காலி கிடையாது. ஆளுயரச் சாய்பலகை, அதில் வரிசையாக முளைகள். பச்சை ஒயர் இந்த முளையைச் சுற்றி, பழுப்பு அந்த முளையைச் சுற்றி, எல்லாம் சேரும் இடத்தில் டேப், வளையும் இடத்தில் துணி உறை, காரின் உடம்போடு ஒட்டும் இடத்தில் கிளிப். முந்நூறு பெண்கள், ஒரே அசைவு, ஒரே வேகம். எந்தக் காரில் எந்த ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பது அவருடைய விரல்களுக்கு மனப்பாடமானது அப்படித்தான்.

அந்த வேலை போன விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை அனுப்பிய சரக்கில் ஒயர் முனைகள் கழன்று வந்தன. மேற்பார்வையாளர் நேராக வந்து அக்காவின் வரிசையைக் காட்டினார். "முனை அழுத்துற மெஷினோட அச்சு தேஞ்சிருக்கு சார், அதை அளந்து பாருங்க" என்று இவர் சொன்னார். யாரும் அளக்கவில்லை. ஒரு தாளை நீட்டினார்கள்: என் கவனக்குறைவால் நேர்ந்தது, மன்னிக்கவும். கையெழுத்துப் போடாவிட்டால் பதினோரு வருஷம் வேலை பார்த்ததற்கான சான்றிதழ் கிடையாது என்றார்கள். வீட்டில் மகள் அம்மை போட்டுப் படுத்திருந்தாள். போட்டார். ஆறு மாதம் கழித்து அந்த மெஷினுக்கு அச்சு மாற்றிய செய்தி காதுக்கு வந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட பொய், தொழிற்சாலையின் பீரோவில் இன்னும் மெய்யாகவே இருக்கிறது.

அதைப் பற்றி அக்கா அதிகம் பேசியதில்லை. "கையெழுத்துப் போட்டதுதான் நான் செஞ்ச தப்பு" என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை பகல், சிறுநீரகச் சிகிச்சை நிலையத்தின் வெள்ளைக் கார் கடை வாசலில் வந்து நின்றது. பின்பக்கம் நீளமான பழைய கார், பதினெட்டு வயதிருக்கும். நடக்க முடியாத நோயாளிகளை டயாலிசிஸுக்கு அழைத்து வருவதும் கொண்டுபோய் விடுவதும் அதன் வேலை. ஓட்டி வந்தவர் புது டிரைவர். வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்தான். குண்டாக, வாய் ஓயாமல் பேசுகிறவராக இருந்தார்.

"அக்கா, உங்களைப் பத்திச் சொன்னாங்க. நான் இங்க வந்தது மேனேஜருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைக் கழட்டிக் கையில குடுத்துடுவாரு."

"பார்த்ததைச் சொல்லு."

"ரெண்டு தடவை காலையில செத்துக் கிடந்துச்சு. பேட்டரி புதுசு. பெரிய ஒர்க்‌ஷாப்புல மூணு தடவை செக் பண்ணாங்க. ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

அக்கா கதவுகளைச் சாத்தினார். பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தார். முக்கால் மணி நேரம் காரைத் தொடவில்லை. பழைய காரானாலும் அதற்குள் சின்னதாக ஒரு பெட்டி உண்டு. கதவு, பூட்டு, உள்விளக்கு, பின்பக்க மின்சாரம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வது அதுதான். எல்லாக் கதவும் மூடியதும் அது மெல்ல உறங்கப் போகும். உறங்கிய பிறகு எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்பதுதான் கணக்கு. மீட்டர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு காட்டியது. அது கடிகாரமும் பூட்டும் உயிரோடிருக்கத் தேவையானது. கசிவே இல்லை.

"ஒர்க்‌ஷாப்காரங்க பொய் சொல்லல" என்றார் அக்கா.

"அப்போ என்னக்கா, பேயா?"

"பேய்க்கு எதுக்குப் பேட்டரி? அது இருக்கட்டும், ரெண்டு தடவைதான் செத்துச்சுங்கிற. மத்த நாள்ல?"

"மத்த நாள்ல சாயங்காலம் பேட்டரி டெர்மினலைக் கழட்டி வெச்சிடுறேன். மேனேஜர்தான் அப்படிச் செய்யச் சொன்னாரு. நான் மறந்த ரெண்டு நாள்தான் போச்சு."

"டெர்மினலைக் கழட்டுன்னு எப்போ சொன்னாரு?"

"நான் சேர்ந்த முதல் நாளே."

அக்கா மீட்டரை அணைத்தார். "உனக்கு முன்னாடி இருந்தவர் எதுக்குப் போனாரு?"

புது டிரைவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். முன்பு ஓட்டியவரை எல்லாரும் நெட்டை என்பார்கள். ஒன்பது வருஷம் இதே காரை ஓட்டியவர். ஒரு வியாழக்கிழமை காலை கார் கிளம்பவில்லை. வேறு வண்டி பிடித்து, முதல் நோயாளியான ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் வீட்டுக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அவருடைய முறை தவறிப்போனது. மறுநாள் இடம் தருகிறோம் என்றார்கள். மறுநாள் விடிவதற்குள் டீச்சர் மூச்சுத் திணறி இறந்துவிட்டார். விளக்கை அணைக்காமல் போனது டிரைவர்தான் என்று மேனேஜர் எழுதினார். நெட்டையும் ஆமாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"விளக்கை மறந்த ஆளை அனுப்பியாச்சு. அப்புறம் உன்கிட்ட டெர்மினலைக் கழட்டச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. ஆனால் நம்பர் பிளேட் எழுதிக்கொண்டிருந்த பிரஷ் நின்றது. வீட்டுக்காரருக்கு அந்தக் குரலைத் தெரியும்.

"நான் அப்படி யோசிக்கலக்கா."

"அவங்க யோசிச்சிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா நெட்டையின் வீட்டைத் தேடிப் போனார். இரண்டாம் மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையல்கட்டு. கதவைத் திறந்தது நெட்டையின் தங்கை. உள்ளே எல்லா சுவிட்சுகள் மீதும் குறுக்காகப் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"அண்ணன் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து சுவிட்சைப் பார்க்கிறாரு" என்று தங்கை தாழ்ந்த குரலில் சொன்னாள். "அணைஞ்சிருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாரு. தூக்கமே இல்லை. அதான் டேப் ஒட்டிட்டேன். இப்போ டேப்பைத் தொட்டுப் பார்க்கிறாரு."

நெட்டை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நிற்கும்போது நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். உட்கார்ந்தபோது யாரோ மடித்து வைத்ததுபோல் இருந்தார்.

"விளக்கை அணைச்சீங்களா, இல்லையா?" என்று அக்கா நேராகக் கேட்டார்.

"அணைச்சேன்னுதான் முதல்ல சொன்னேன். அணைச்சிருந்தா பேட்டரி எப்படிப் போகும்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. ஒர்க்‌ஷாப்புல வண்டியில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. வண்டியில இல்லைன்னா என்கிட்டதானே இருக்கணும்? யோசிக்க யோசிக்க, மறந்திருப்பேனோன்னு தோணிச்சு. இப்போ, அணைக்காம இறங்கிப் போற மாதிரியே கண்ணுக்குள்ள தெரியுதும்மா."

செய்யாத ஒன்றைச் செய்ததாகத் திரும்பத் திரும்பச் சொன்னால், சொல்லப்பட்டவனே அதற்குச் சாட்சியாகிவிடுகிறான். பழியைத் தலையில் கட்டுகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை.

"சாயங்காலம் வண்டியை விடும்போது என்னென்ன செய்வீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கடைசி நோயாளியை இறக்குவது, இருக்கையைத் துடைப்பது, கண்ணாடி ஏற்றுவது, விளக்கு, கைபிரேக், பூட்டு. "செவ்வாய், வியாழன், சனிக்கு முந்தின நாள்னா வீல்சேரை மடிச்சுப் பின்னாடி வெச்சிடுவேன்."

"ஏன்?"

"காலையில உள்ள போய் சேர் எடுக்கணும்னா சாவி வாங்கணும், கையெழுத்துப் போடணும், கால் மணி நேரம் போயிடும். டீச்சரம்மா ஆறு மணிக்கே வாசல்ல ரெடியா உக்காந்திருப்பாங்க. குளிர்ல அவங்களை ஏன் காக்க வெக்கணும்? பிரேக் பிடி இடது பக்கம் வர்ற மாதிரி வெச்சா ஒத்தைக் கையால இழுத்துடலாம்."

அக்கா எழுந்து நின்றார். "ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி போகும்போது சேர் உள்ள இருக்குமா?"

"இருக்காது. நோயாளிங்க பொருள்ல கிரீஸ் படக் கூடாதுன்னு எல்லாத்தையும் இறக்கிட்டுத்தான் அனுப்புவாங்க. அது கிளினிக் சட்டம்."

மூன்று முறை சோதித்தார்கள். மூன்று முறையும் காரைக் காலி செய்துவிட்டுச் சோதித்தார்கள். நேற்று அக்காவும் காலிக் காரைத்தான் சோதித்திருந்தார். படியில் இறங்கும்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பார்த்ததை மட்டும் சொல் என்று ஊருக்கெல்லாம் உபதேசம். பார்க்காத இடத்தில் ஒன்றுமில்லை என்று தானும் முடிவு கட்டியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காருக்கு ஓய்வு. பகல் பன்னிரண்டு மணிக்கு நிலையத்தின் பின்முற்றத்தில், புது டிரைவர் வீல்சேரை மடித்து, பிடி இடது பக்கம் வரும்படி பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினார். வண்டி செத்த இரண்டு நாளும் சேர் உள்ளேதான் இருந்தது என்று அவரே சொன்னார். அக்கா மீட்டரைக் கோத்துவிட்டுத் திண்டில் உட்கார்ந்தார்.

"இப்போ என்ன பண்ணணும்?"

"வாயை மூடிக்கிட்டு உக்காரணும்."

"அதுதான்க்கா கஷ்டம்."

நாற்பது நிமிஷம் கழித்து அக்கா எண்ணைப் பார்த்தார். இரண்டரை ஆம்பியர். பெட்டி உறங்கவில்லை; பின்கதவு திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பின்பக்கத்துக்கு மின்சாரம் விட்டபடி விழித்திருந்தது. பதினான்கு மணி நேரம் இப்படிக் கசிந்தால், அந்தச் சின்னப் பேட்டரியில் ஒரு எஞ்சினைச் சுற்றும் தெம்பு மிஞ்சாது.

சேரை இறக்கிவிட்டு மறுபடி காத்திருந்தார்கள். கசிவு இல்லை. ஏற்றினார்கள். இரண்டரை. இறக்கினார்கள். இல்லை. மூன்றாம் முறை ஏற்றி இரண்டரையைப் பார்த்த பிறகுதான் அக்கா பின்பக்க இடது பலகையைக் கழற்றினார்.

உள்ளே பார்த்ததும் அவர் கை தானாக அந்த இடத்துக்குப் போனது. எத்தனை ஆயிரம் தடவை சாய்பலகையில் இதே வளைவைச் சுற்றியிருக்கிறார்! இந்த வளைவுக்கு இரண்டு கிளிப், ஒரு துணி உறை. இங்கே கிளிப் இரண்டும் இல்லை. உறை கிழிந்து தொங்கியது. சேரைக் கட்டக் கொக்கி போடுவதற்காக யாரோ பலகையைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது ஒயரை அதன் இடத்தில் பொருத்தச் சோம்பல்பட்டு அப்படியே திணித்திருக்கிறார்கள். பின்கதவு மூடியிருப்பதைச் சொல்லும் பழுப்பு ஒயர் நாள்பட உரசித் தோலுரிந்து செம்பு தெரிந்தது. சேரின் பிடி பலகையை அழுத்தும்போது செம்பு போய்க் காரின் தகட்டைத் தொட்டது; கதவு திறந்திருக்கிறது என்று பெட்டிக்குச் செய்தி போனது. பின்னால் இருந்த விளக்கில் பல்ப் இருந்திருந்தால், அது எரிந்தே காட்டிக் கொடுத்திருக்கும். பல்ப் எப்போதோ போயிருந்தது. இவ்வளவு சின்னப் பொருளை யார் மாற்றுவது என்று விட்டிருந்தார்கள்.

"டேப் ஒட்டிடலாமாக்கா?" என்றார் புது டிரைவர்.

"தொடாதே. சேரை மட்டும் இறக்கி வை, காலையில வண்டி ஓடும். இதை அவங்க கண்ணால பார்க்கணும்."

திங்கட்கிழமை பகல், நோயாளிகளை விட்டுவிட்டுக் கார் திரும்பிய நேரத்தில் அக்கா மறுபடி பின்முற்றத்துக்கு வந்தார். கூடவே நெட்டையும் வந்தார். தங்கை பாதி தூரம் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது. மேனேஜர் வந்தார். ஒயரைப் பார்த்தார். நெட்டையைப் பார்க்கவில்லை.

"ரொம்ப நல்லதும்மா. சரி பண்ணிட்டுப் போங்க. இதை ஏன் பெருசு பண்ணணும்?"

"பெருசு பண்ணினது நீங்க சார். ஒரு ஆள் மேல சாவையே ஏத்தி வெச்சிருக்கீங்க."

"அவரே எழுதிக் கொடுத்தாரும்மா. நாங்க என்ன கையைப் பிடிச்சா எழுத வெச்சோம்?"

"வண்டியில கோளாறு இருக்குன்னு உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சு. இல்லைன்னா புது டிரைவர்கிட்ட முதல் நாளே டெர்மினலைக் கழட்டச் சொல்வீங்களா? சந்தேகம் இருந்தும் எழுதி வாங்கினீங்க."

"அதெல்லாம் முன்னெச்சரிக்கை."

"அந்த முன்னெச்சரிக்கையை டீச்சரம்மா உயிரோட இருந்தப்போ எடுத்திருக்கலாமே!"

சத்தம் கேட்டு நிலையத்தின் பெரிய டாக்டர் வெளியே வந்தார். தலை நரைத்த பெண்மணி, கையுறையைக்கூடக் கழற்றவில்லை. மேனேஜர் பேச வாயெடுத்ததை ஒரு கையசைவில் நிறுத்திவிட்டு, அக்காவைப் பார்த்தார். "எனக்குக் காட்டுங்க."

அக்கா சேரை ஏற்றச் சொன்னார். டாக்டர் நாற்பது நிமிஷம் காத்திருக்க மாட்டார் என்று மேனேஜர் நினைத்திருக்க வேண்டும். டாக்டர் உள்ளே போய் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு, நேரம் பார்த்துத் திரும்பி வந்தார். எண்ணைப் படித்தார். சேரை இறக்கச் சொல்லி, மீண்டும் வந்து படித்தார். பிறகு அந்தச் செம்பையும் தகட்டையும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இவர் விளக்கை அணைக்கலைங்கிறதுக்கு நம்மகிட்ட வேற என்ன இருக்கு?" என்று மேனேஜரிடம் கேட்டார்.

"அவர் கடிதம்தான் டாக்டர்."

"எடுத்துட்டு வாங்க."

அதுவரை தலை குனிந்து நின்ற நெட்டை அப்போதுதான் பேசினார். "சேரை உள்ள வெச்சது நான்தானேம்மா. அப்போ ஒரு வகையில நான்தானே..."

இந்த இடத்துக்கு வருவார் என்று அக்காவுக்குத் தெரியும். முந்தின நாள் முழுக்க இதற்குத்தான் பதில் யோசித்திருந்தார்.

"சேர் வெக்கத்தான் இந்த வண்டி. சேர் வெச்சா உரசித் தோலுரியற மாதிரி ஒயரை விட்டது ஒருத்தர். பல்பை மாத்தாதது ஒருத்தர். காலி பண்ணிட்டே சோதிச்சது நாங்க. அதுல நானும் உண்டு. முறை தவறினவங்களுக்கு அன்னிக்கே இடம் தராதது இந்தக் கட்டடம். நீங்க ஒரு வயசானவங்களைக் குளிர்ல காக்க வெக்கக் கூடாதுன்னு நினைச்சீங்க. இந்த வரிசையில உங்களைக் கொண்டுபோய் எங்க நிக்க வெப்பேன் அண்ணே?"

கட்டடம் என்ற சொல் வந்தபோது டாக்டர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். மெல்லத் தலையசைத்தார்.

மேனேஜர் கடிதத்தைக் கொண்டுவந்தார். டாக்டர் அதை வாங்கி நெட்டையிடம் நீட்டினார். "இதைக் கிழிச்சுடலாம். நாளைக்கே வேலைக்கு வாங்க."

நெட்டை கிழிக்கவில்லை. தன் கையெழுத்தை, யாரோ அந்நியனுடையதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புது டிரைவரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு, காரின் கூரைமேல் தாளை வைத்தார். அவ்வளவு உயரமானவருக்கு அது எழுதும் மேசைபோலவே இருந்தது. மன்னிப்புக் கேட்ட வரிகளுக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: அன்று மாலை நான் விளக்கை அணைத்துவிட்டுத்தான் போனேன். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார்.

"வேலையைப் பத்தி அப்புறம் சொல்றேன் டாக்டர்" என்றார். "இதுல ஒரு நகல் வேணும். மீட்டர் காட்டின எண்ணையும் கீழ எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. டீச்சரம்மா பொண்ணு இன்னும் என்னைப் பார்த்தா எதிர்ப்பக்கம் திரும்பிக்கிறாங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பேனாவுக்குக் கையை நீட்டினார். சேர் உள்ளே இருந்தபோது மீட்டர் காட்டிய எண்ணை அக்கா உரக்கச் சொன்னார்: இரண்டரை ஆம்பியர்.